சனிக்கிழமைத் தாகம்

“அப்பா, தண்ணி!”

படம் சூடுபிடிக்கிற இடத்தில்தான் மகளுக்கு நா வறளும். மூன்று சனிக்கிழமைகளாக இதே கூத்து. வாரமெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டி இடுப்பொடிந்து வரும் மனிதர், முகம் கோணாமல் எழுந்து சமையலறைக்குப் போவார். டம்ளரோடு அவர் திரும்புவதற்குள் முக்கியமான காட்சி முடிந்துபோயிருக்கும்.

தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பதினோரு வயசாகுது. உனக்குக் கால் இல்லையாடி? அப்பா என்ன நீ வச்ச ஆளா?”

“விடு, குழந்தைதானே கேக்குது” என்றார் அவர்.

“எல்லாம் நீங்க குடுக்கிற இடம்!”

அந்த வீட்டில் சனிக்கிழமைப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தாய் ஒருத்திக்கே உண்டு. வெள்ளிக்கிழமை மாலையே, முழுப் படத்தையும் தான் ஒருமுறை பார்த்துவிடுவாள். முத்தம், பேய், கெட்ட வார்த்தை ஆகிய மூன்றில் ஒன்று தலைகாட்டினாலும் அந்தப் படம் தள்ளுபடி. பூசைக்குப் பூத் தெரிந்தெடுப்பவள்கூட அத்தனை பார்த்திருக்க மாட்டாள். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வேறு.

அவள் பார்க்கும் நேரத்தில் மகள் அதே அறையில், தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். திரும்பினால் தொலைந்தாள்.

இந்த வாரப் படமும் தேர்வாயிற்று. ஏழு வயது இளையவனுக்குக் கார் துரத்தாவிட்டால் அது படமே அல்ல.

“கார் பறக்குமாம்மா?”

“பறக்கும், பறக்கும். நீ பறக்காம உக்காரு.”

சனிக்கிழமை மணி ஆறு. விளக்கை அணைப்பதற்கு முன், தாய் ஒரு பெரிய கூஜா நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து மகளின் முன்னால் ‘ணங்’கென்று வைத்தாள்.

“இந்தா, சமுத்திரம். வேணுங்கிற மட்டும் குடி. இன்னைக்கு அப்பாவை எழுப்பினே, அடுத்த வாரத்துலேருந்து இந்த வீட்ல படமே கிடையாது. சொல்லிட்டேன்.”

“அக்கா, கேக்காதேக்கா! உனக்குக் கோடிப் புண்ணியம்” என்று தம்பி இரு கையும் கூப்பினான்.

தகப்பனார் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

படம் ஓடியது. தாயின் ஒரு கண் திரையில், ஒரு கண் மகள்மேல். அந்தப் பெண்ணோ திரையைப் பார்த்ததைவிடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததே அதிகம். வலக்கையை இறுக மூடி வைத்திருந்தாள்.

ஆறு நாற்பது. அவள் வாயைத் திறந்தாள். தாய் முறைத்தாள். வாய் மூடிக்கொண்டது.

அடுத்த நொடி, கூஜா உருண்டது.

பாய் முழுக்க வெள்ளம்.

“ஐயோ, என் டிராயர்!” என்று குதித்தான் இளையவன்.

“யாரும் அசையாதீங்க, துணி எடுத்துட்டு வர்றேன்” என்று தகப்பனார் எழுந்து பின்பக்கம் போனார்.

“வேணும்னேதானே தட்டிவிட்டே? நான் பார்த்தேன்! கையில என்ன, காட்டு!”

பிடித்து விரித்தாள். கணக்குத்தாளின் கிழிசல் ஒன்று நனைந்து சுருண்டிருந்தது. அதில் பென்சில் எழுத்து:

*41ஆவது நிமிஷம் சைரன். 68 மறுபடியும். அப்பாவுக்கு வேலை வைக்கணும்.*

சொல்லி வைத்தாற்போல், திரையில் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு புறப்பட்டது.

“என்னடி இது?”

“நேத்து நீ படம் பாக்கிறப்போ எழுதினதும்மா. சத்தியமா திரும்பிப் பாக்கல. காதுல விழுந்தது மட்டும்தான்.”

“எதுக்கு?”

மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“போன மாசம் ஒரு படத்துல இந்தச் சத்தம் வந்துச்சு. அப்பா படத்தையே பாக்கல. வலது கால் மட்டும் தரையைப் போட்டு அழுத்திட்டே இருந்துச்சு, வண்டி ஓட்டற மாதிரி. சத்தம் நின்ன அப்புறமும் காலை எடுக்கலம்மா. வீட்லயும் ஓட்டணுமா?”

தாய் அந்த நனைந்த தாளை மறுபடி பார்த்தாள். இதே காட்சியை நேற்று அவளும் பார்த்தாள். முத்தமில்லை, பேயில்லை, கெட்ட வார்த்தையில்லை. ‘குற்றமொன்றுமில்லை’ என்று நோட்டில் எழுதிக் கீழே கோடும் போட்டிருந்தாள்.

சைரன் ஓய்ந்தது. தகப்பனார் துணியோடு வந்து மண்டியிட்டுத் துடைத்தார்.

“தண்ணிதானே, காஞ்சுடும். அவளைத் திட்டாதே.”

“திட்டல” என்றாள் தாய்.

கூஜா காலியாகக் கிடந்தது. யாரும் அதை நிரப்பவில்லை.

படம் மேலே சென்றது. இளையவன் அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டு, ஒவ்வொரு காருக்கும் வாயாலேயே பிரேக் போட்டான். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். உத்தரவு உத்தரவுதான், இனி ஒரு சொல் சொன்னால் சனிக்கிழமையே போய்விடும்.

ஏழு மணி, ஏழு நிமிடம்.

“என்னங்க,” என்றாள் தாய், “எனக்குத் தாகமா இருக்கு.”

மகள் சட்டென்று திரும்பினாள். இருட்டில் அம்மாவின் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

தகப்பனார் மகனை மெல்ல இறக்கிவிட்டு எழுந்தார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது.

“ஓ, இப்ப நீயும் சேர்ந்துட்டியா? சரி, நான் உள்ளே போறேன். சைரன் சத்தம் நின்னதும் ஒரு குரல் குடுங்க.”