லால்ட்டுதாவுக்கு ஒரு பெட்

"மண்டல்பாபு, ஃபோனை வச்சிடாதீங்க! ஆக்சிஜன் பெட் ஒண்ணு காலியாயிருக்காமே?"

"காலியாகி அஞ்சு நிமிஷம்கூட ஆகலை, அதுக்குள்ள மோப்பம் பிடிச்சாச்சா?" நர்சிங் ஹோம் வரவேற்பில் இருந்த மண்டல்பாபு அலுத்துக்கொண்டார். "உங்க குழுவுலேர்ந்தே அர்க்கான்னு ஒரு பையன் முந்திக்கிட்டான். அவன் விட்டுக்குடுத்தா உனக்கு. உங்க சண்டையை முடிச்சுட்டு வாங்கம்மா, எனக்கு வேலை கிடக்கு."

ஃபோன் துண்டித்தது. தோர்ஷா அர்க்காவின் நம்பரைத் தேடினாள்.

அவளுக்கு வயது பதினாறு. கொரோனாவால் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால், நோயாளிகளுக்கு ஃபோனிலேயே இடம் தேடித் தரும் குழுவில் சேர்ந்திருந்தாள். போன வாரம் ஒரு நோயாளிக்கு அவள் இடம் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் அவர் இறந்துபோய்விட்டார். அன்றிலிருந்து முதல் மணியிலேயே ஃபோனை எடுத்துவிடுவாள்.

இன்றைக்கு லால்ட்டுதா. டாலிகஞ்ச் பக்கம் ஒரு சந்தில் தனியாக இருப்பவர். தெருமுனைக் கிளப் ஆட்கள்தான் வாசலில் சாப்பாடு வைக்கிறார்கள். அவர்களில் ஒருவனான தெபு காலையிலிருந்து விடாமல் கூப்பிடுகிறான்.

"லால்ட்டுதா எங்க தெருவுக்கே அண்ணன், தீதி. பூஜைப் பந்தல்லேர்ந்து ஃபுட்பால் மேட்ச் வரைக்கும் அவர் இல்லாம ஒண்ணும் நடக்காது. கஞ்சி வச்சா, 'மீன் குழம்பு எங்கடா'ன்னு திட்டுவாரு. இன்னைக்குத் திட்டக்கூட இல்லை. எப்படியாவது ஒரு பெட்..."

முப்பது வயது ஆள் தன்னை அக்கா என்று கூப்பிடுவதை அவள் திருத்தவில்லை. வயது தெரிந்தால் பயந்துவிடுவான்.

அவள் அர்க்காவைக் கூப்பிட்டாள்.

"அந்த பெட்டை எனக்கு விட்டுக்குடேன், ப்ளீஸ்."

"விளையாடறியா? ஆம்புலன்ஸே கிளம்பியாச்சு."

"என் ஆளு தன்னந்தனியா கிடக்கறாரு, அர்க்கா."

"என் ஆளு மட்டும் கல்யாண வீட்டுலயா உட்காந்திருக்காரு? பொண்ணு பெங்களூர்லேர்ந்து அழுதுக்கிட்டே இருக்கா. சௌரீந்திரநாத் பாக்சி. அவருக்காகக் காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கலை நான்."

"பேரு நீளமா இருந்தா பெட் குடுத்துடணுமா?"

அர்க்கா சிரிக்கவில்லை. "சரி, நம்ம குழு வழக்கப்படியே பாத்துடலாம். யாருக்கு ஆக்சிஜன் கம்மியோ அவருக்கு. உன் ஆளுக்கு எவ்வளவு?"

காலையில் தெபு சொன்னது எண்பத்தி நாலு. எழுபத்தைந்து என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எண்பத்தி நாலு" என்றாள். குரல் உடைந்தது.

"எழுபத்தொம்பது. இப்பத்தான் பொண்ணுகிட்ட வீடியோவுல மீட்டரைக் காட்டினாராம்." அவன் குரலும் இறங்கியது. "சாரி தோர்ஷா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு நம்பர்களைப் போட்டாள். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர், "நாளைக்குக் கேளுங்க" என்றார். நாளைக்கு!

ஃபோன் அடித்தது. தெபு.

"தீதி! எங்க சந்துல ஒரு ஆம்புலன்ஸ் வந்து நிக்குது!"

"நான் அனுப்பலையே..."

"தெரியும். டிரைவர் யாரோ சௌரீந்திரநாத் பாக்சியைத் தேடறான். நான் பொறந்ததே இந்தச் சந்துல, அப்படி ஒரு ஆளே இங்க கிடையாதுன்னு சொல்லிட்டேன். வழி தப்பி வந்திருக்கான்." தெபு குரலைத் தாழ்த்தினான். "கடவுளாப் பாத்து அனுப்பின வண்டி தீதி. சிலிண்டர்கூட இருக்கு. லால்ட்டுதாவை ஏத்திடட்டுமா? அங்க போய், 'இவர்தான் பாக்சி'ன்னு சொன்னா எவன் கேக்கப்போறான்?"

தோர்ஷா பெயரை அடையாளம் கண்டுகொண்டாள். அர்க்காவின் நோயாளி. எழுபத்தொன்பது. பெங்களூரில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண்.

"வேண்டாம் தெபு."

"தீதி, அவரால பேச முடியலை!"

"அந்த வண்டிக்காக இன்னொருத்தர் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடக்கறாரு. அனுப்பிடு."

"உங்க சொந்த அண்ணனா இருந்தா இப்படிச் சொல்வீங்களா?"

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "அனுப்பு. நான் வேற இடம் பாக்கறேன், சத்தியமா."

மறுமுனையில் தெபு என்னவோ முணுமுணுத்தான். பிறகு கத்தினான். "ஏ டிரைவர்! எடுப்பா வண்டியை!"

வண்டி உறுமியது. பின்னாலேயே ஒரு கதவு படாரென்று திறக்கும் சத்தம். இருமல். யாரோ, "ஐயோ, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க!" என்று அலறினார்கள்.

"வண்டியை நிறுத்துங்கடா... கழுதைங்களா!" மூச்சு வாங்க ஒரு கரகரத்த குரல். "என் பொண்ணு அனுப்பின வண்டிடா அது!"

பிரேக் போட்ட சத்தம் தோர்ஷாவின் காது வரை கேட்டது.

"லால்ட்டுதா, அவன் வேற யாரையோ தேடறான்..."

"செல்லமா லால்ட்டுன்னு வச்சது எங்கம்மாடா. பள்ளிக்கூடத்துல போட்ட பேரு சௌரீந்திரநாத் பாக்சி... இத்தனை வருஷத்துல ஒருத்தனாவது கேட்டீங்களாடா?"