ஆறு வயதுப் பெண் குழந்தை

டாக்டர் ஆரோக்கியநாதன் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருந்தாலும் உலகம் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது ஒன்றைத்தான். என்னவென்றே தெரியாத நரம்பு நோயில் இறந்துபோன ஒரு குழந்தையைப் பற்றிய சின்னக் குறிப்பு அது. நோயாளியின் பெயரை வெளியிடக்கூடாது என்பது விதி. எழுதுகிறவர் பெற்ற தகப்பனாக இருந்தாலும் அதே விதிதான். அதனால் அவர் மகள் ஜெசிந்தா அதில் வெறும் ‘ஆறு வயதுப் பெண் குழந்தை’. எங்காவது யாராவது அதை மேற்கோள் காட்டினால் அவருக்கு மின்னஞ்சல் வரும். உடனே அவர் மனைவி பிலோமினா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவாள். அவர் அந்த வரியைத் தமிழில் சொல்வார். “நம்ம பிள்ளைய இன்னும் யாரும் மறக்கல பாருங்க,” என்பாள்.

இன்று வந்த கட்டுரையை அவர் மறுபடியும் மறுபடியும் படித்தார். அந்த நோய்க்கு மருந்து கண்டுபிடித்திருந்தார்கள். புதிதாக ஒன்றுமில்லை, எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கிற பி வைட்டமின். ஆரம்பத்திலேயே கொடுத்தால் குழந்தைகள் எழுந்து நடக்கிறார்கள். கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய கட்டுரையைக் காட்டியிருந்தார்கள்.

“என்னங்க எழுதியிருக்காங்க?”

“வழக்கம்போலத்தான்.”

“நல்லவிதமாத்தானே?”

“ம்.”

அவள் திருப்தியாக எழுந்து, ஃபிரிட்ஜ் மேலிருந்த பி காம்ப்ளெக்ஸ் அட்டையை எடுத்தாள். அடிக்கடி வரும் வாய்ப்புண்ணுக்காகப் போடுவது. ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவர் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, “உங்களுக்கும் ஒண்ணு வேணுமா?” என்று நீட்டினாள்.