மூஞ்சி தெளிவா இருக்கணும்

"அந்த ஆளு போட்டோ ஒண்ணு அனுப்பிவிடுங்கண்ணே. மூஞ்சி தெளிவா இருக்கணும்."

போனில் சிவபாண்டி சொன்னதைக் கேட்டதும் தயாரிப்பு நிர்வாகி ஸ்ரீநாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். "போட்டோ எதுக்கு தம்பி? அவன் ஆஸ்பத்திரியில கெடக்கான். கேட்டுல உக்காந்திருக்கிறவங்கள எந்திரிக்க வெச்சாப் போதும்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்ணே. நீங்க அனுப்புங்க. காலையில வாரோம்."

சிவபாண்டி ஆனையூரில் ரசிகர் மன்றம் நடத்துபவன். படத்தின் நாயகனுக்கு ஒன்று என்றால் முன்பின் யோசிக்காத கூட்டம் அது. பொங்கலுக்குப் படம் வராமல் போனால் அதற்கு லைட்மேன்களின் ஸ்டிரைக்தான் காரணம் என்று மன்றத்துக்குச் செய்தி அனுப்பிக் கொளுத்திப் போட்டதே ஸ்ரீநாத்தான். பற்றிக்கொண்ட பிறகு பயந்து என்ன செய்ய?

சோழவந்தான் ரோட்டில், மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றில் படப்பிடிப்பு. போன வாரம், உயரமான இரும்புச் சாரத்தில் ஏறி லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்த ஜோ பிடி நழுவி விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பாதுகாப்பு பெல்ட் தராமல் இனி ஒருவரும் மேலே ஏற மாட்டோம் என்று தொழிலாளர்கள் ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜோவின் மனைவி ஐரினும் அவர்களோடு இருந்தாள்.

பெல்ட் வாங்கித் தந்தால் என்ன என்று ஸ்ரீநாத் சென்னைக்குப் போன் போட்டுக் கேட்டும் பார்த்தான். "இதுக்கு எறங்கிப் போனா அடுத்து ஒண்ணு கேப்பாங்க. நாளைக்கு ஷூட்டிங் நடக்கலைன்னா நீ வேற கம்பெனி பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார் தயாரிப்பாளர். இந்த வயதில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்க அவனால் முடியாது. பட பூஜையன்று லைட் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற ஜோவின் போட்டோவைத் தேடி அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தான்.

காலையில் லாரி வந்து நின்றது. இறங்கியவர்கள் கத்தவில்லை, விசிலடிக்கவில்லை. ரசிகர்கள் சத்தம் போடாமல் வந்து ஸ்ரீநாத் பார்த்ததே கிடையாது. ஆளாளுக்கு இடுப்பில் கயிறு சுற்றியிருந்தார்கள். லாரியிலிருந்து சவுக்குக் கம்புகளும் கடப்பாரையும் இறங்கின.

"கயிறு எதுக்குப்பா?"

"வேணும்ணே," என்றான் சிவபாண்டி. ஸ்ரீநாத் நீட்டிய டீயை அவன் வாங்கவில்லை. "நீங்க உள்ள போயி கேட்டைச் சாத்திக்கங்க."

சாத்திக்கொண்டான். தன் கையில் கறை படாமல் காரியம் முடியட்டும் என்றுதான் அவனும் நினைத்திருந்தான். ஆனால் கேட்டின் இடுக்கில் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

வாசலில் இருந்த தொழிலாளர்கள் மிரண்டுபோய் எழுந்தார்கள். அவர்களுக்கும் கேட்டுக்கும் நடுவே கடப்பாரைகள் மண்ணில் இறங்கின. தார்ப்பாய் சுற்றிய பெரிய பலகைகளைத் தூக்கி வந்தார்கள். கட்அவுட் என்று புரிந்ததும் ஸ்ரீநாத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. முதலில் நாயகனை நடுவார்கள், பாலை ஊற்றுவார்கள், வெறி ஏறிய பிறகு கைகலப்பில் இறங்குவார்கள். பல ஊர்களில் அவன் பார்த்திருக்கிறான்.

கட்அவுட் ரோட்டைப் பார்த்து எழுந்து நின்றது. உள்ளேயிருந்து பார்க்க வெறும் பலகை முதுகுதான் தெரிந்தது. இடுப்புக் கயிற்றைச் சவுக்குக் கம்புச் சாரத்தில் கட்டிக்கொண்டு இரண்டு பேர் மேலே ஏறினார்கள். கீழேயிருந்து பால் குடம் போனது. தார்ப்பாயை உருவிவிட்டார்கள்.

மேலே அண்ணாந்து பார்த்த ஐரின், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மண்ணில் சரிந்தாள். சிவபாண்டி அவளை நோக்கி நடந்தான்.

ஸ்ரீநாத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வேலை போனால் போகட்டும், ஒரு குடும்பத்தை இரண்டாம் தடவை அடித்த பாவம் வேண்டாம். கேட்டைத் திறந்துகொண்டு ஓடினான்.

"சிவபாண்டி, அந்தப் பொண்ண விட்ருப்பா. ஒங்களக் கூப்பிட்டது என் தப்பு. எல்லாரும் கெளம்புங்க."

சிவபாண்டி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஐரினின் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான். மேலே கை காட்டினான்.

ஸ்ரீநாத் திரும்பினான். பனை உயரத்துக்கு ஜோ நின்றிருந்தான், லைட் பக்கத்தில், சிரித்தபடி. ஸ்ரீநாத் அனுப்பிய அதே போட்டோ. நெற்றியிலிருந்து பால் வழிந்துகொண்டிருந்தது. லாரியில் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தொழிலாளர்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்ரீநாத் சிவபாண்டியின் பக்கம் திரும்பினான். "பொங்கலுக்குப் படம் வராதேப்பா."

"வராட்டிப் போகுதுண்ணே, சித்திரையில பாத்துக்கிறோம்," என்று சிவபாண்டியும் தரையில் உட்கார்ந்தான். பிறகு ஜோவை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்.

"எங்க தலைவரு மூஞ்சி எங்களுக்குத் தெரிஞ்சதே இவரு போட்ட வெளிச்சத்துலதான்."