சும்மா உட்கார்ந்திருந்தவள்

“நாலு நாளா மத்தியானம் பூரா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. இது ஆபீஸா, பார்க்கா?”

மேனேஜர் பேப்பரை மேஜையில் விசிறினார். கம்ப்யூட்டரை யாராவது இருபது நிமிஷம் தொடாவிட்டால் போட்டுக் கொடுக்கிற புது டைமர் அனுப்பிய முதல் ரிப்போர்ட் அது. முதல் பெயரே எதிரே நின்ற டெஸ்டிங் பிரிவு அக்காவுடையதுதான்.

டைமரைச் செய்தவன் பக்கத்திலேயே நின்றான். ஜாவாவில் எழுதி பிரவுசரில் ஓடுகிற ஆபீஸ் புரோகிராமுக்குள், யாரோ எழுதிவைத்து ரெடிமேடாகக் கிடைத்த டைமர் லைப்ரரி ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான்.

“என் வேலையை மதியத்துக்குள்ள முடிச்சிடுவேன் சார்,” என்றாள் அக்கா.

“அப்புறம் என்ன பண்ணீங்க? தூக்கமா?”

அக்கா அவனை ஒரு தடவை பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல சார்.”

அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாழாய்ப்போனவன் மேஜையிலிருந்த ரிப்போர்ட்டை நேராக்கி வைத்தான்.

“இன்னையோட நின்னுக்குங்க.”

“சார், வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார். என் சம்பளத்துலதான் எல்லாம் ஓடுது...”

“அதை உட்காரும்போதே யோசிச்சிருக்கணும்மா.”

அக்கா மூக்குக் கண்ணாடியையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டாள். அவன் லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே போனான்.

“அக்கா, நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்க்கா.”

“எதுக்குத் தம்பி? ரெண்டு பேருக்கும் வேலை போறதுக்கா? போ, போய் உன் வேலையைப் பாரு.”

கதவு மூடியபோதுதான் அவள் கண் கலங்கியது. அவனும் தடுக்கவில்லை, பாவி.

திரும்பி வந்தவன் தோளில் மேனேஜர் தட்டினார்.

“பலே! இருபதாவது நிமிஷம் டாண்ணு பிடிக்குதே! போன வாரமே சோதிச்சாச்சுன்னு நீ சொன்னப்போ நான் நம்பலை, தெரியுமா?”

போன வாரம் அவன் சோதிக்கவே இல்லை. பொய் சொல்லிவிட்டுப் பயந்து அழுதுகொண்டிருந்தவனிடம், ‘அழாதே, மத்தியானத்துல நான் பார்த்துத் தர்றேன்’ என்றவள் அக்காதான். அந்த டைமர் பிடிக்கிறதா என்று பார்க்க, யாராவது மௌஸைத் தொடாமல் இருபது இருபது நிமிஷமாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே தீர வேண்டும்.

“முழுக்க நீயேதானே உட்கார்ந்து சோதிச்சே?”

அவன் தலையை ஆட்டினான்.

“ஆமா சார். நானேதான்.”