காணாமல் போன ஆமை

"அந்தோனியாரே, பின்னேரம் லவினா வாறாள். அவள் ஹொங்கொங்கில இருந்து கொண்டுவந்து தந்த கல் ஆமையைக் காட்டித் தாரும்!"

கொட்டாஞ்சேனை வீட்டில் ஒரு கிழமையாக மெற்றில்டா மெழுகுதிரி கொளுத்தி மன்றாடுகிறாள். பீடத்தில் நிற்பவர், கணவன் நோபேட் பொழுதுபோக்காக ஜேட் கல்லில் செதுக்கிய குட்டி அந்தோனியார்.

"இவரைக் கொஞ்சம் முன்னுக்கு வைக்கட்டே?"

"வேணாம்! சுவரோடயே நிக்கட்டும்" என்று நோபேட் பதறினான்.

பின்னேரம் தங்கை லவினா வந்தாள்.

"அத்தான் செய்ததோ? நல்ல வடிவு!" என்று சிலையை எடுத்துத் திருப்பினாள். "அக்கா, அந்தோனியாற்ற முதுகில ஏன் ஆமை ஓடு?"

"கை தவறி விழுந்து... ஆமையின்ர தலை உடைஞ்சு போச்சு" என்று நோபேட் முனகினான்.

மெற்றில்டா அவனை முறைத்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கேட்டதைக் காட்டித் தந்திட்டார்!"