இரண்டு டைமண்ட்

பிரிட்ஜ் சீட்டாட்ட இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் கோமளவல்லி ‘இரண்டு டைமண்ட்’ என்று ஏலம் கேட்டாள். அவளும் கணவர் ஆராவமுதனும் பேசி வைத்திருந்தபடி அதற்கு, ‘கையில் ஹார்ட்தான் நிறைய இருக்கிறது’ என்று பொருள். ஏதோ புத்தகத்தில் இந்த முறையைத் தேடிப்பிடித்தவரே அவர்தான். எதிர் ஜோடியின் டாக்டர் குரியன், வழக்கப்படி அவரிடம் விசாரித்தார்.

“சார், மேடம் என்ன சொல்றாங்க?”

“டைமண்ட் நிறைய வெச்சுண்டிருக்கா,” என்றார் ஆராவமுதன், சந்தேகமே இல்லாமல்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு டைமண்ட். ஆனால் ஏலம் முடியும்வரை கூட்டாளியின் விளக்கத்தைத் திருத்தக் கூடாது, முகம்கூடச் சுளிக்கக் கூடாது என்பது விதி. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தொரு வருட இல்லறப் பழக்கம் கைகொடுத்தது. அவர் உற்சாகமாக ‘ஐந்து டைமண்ட்’ வரை ஏற்றிவிட்டார். கோப்பை கையைவிட்டுப் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மற்றவர்கள் ‘பாஸ்’ சொல்லி ஏலம் முடிந்ததும் கைதூக்கி நடுவரை அழைத்தாள்.

“இப்ப சொல்லலாம் மேடம். உங்க வீட்டுக்காரர் தப்பா ஏதாவது சொல்லியிருந்தா, மறைக்காம எல்லாத்தையும் சொல்லிடணும்,” என்றார் நடுவர்.

கோமளவல்லி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

“இன்னிக்குச் சொன்னது மட்டுந்தானா சார், இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே சொல்லலாமா?”