அலுமாரிக்கு மேலே

"இதென்ன பெட்டியா, அப்பளமா?"

மஸீனா ஒரு கிலோ தொதல் இனிப்பை வைத்துத் தூக்கியதுதான் தாமதம், மாதிரிப் பெட்டியின் அடி பிய்ந்து தொதல் மேசையில் தொப்பென்று விழுந்தது.

நாளை மாலை கண்டி டவுன் இனிப்புக் கடைக்காரரிடம் மாதிரி காட்டியாக வேண்டும். அவருக்குப் பிடித்தால்தான், குண்டசாலையில் அவள் தொடங்கிய இந்தக் குட்டி மட்டைத் தொழிற்சாலைக்கு முதல் பெரிய ஓடர்.

கடதாசி கரைக்கும் தொட்டியருகே நின்ற செல்லச்சாமி கையை விரித்தார்.

"நான் என்னங்க செய்ய? பழைய பேப்பரெல்லாம் கரைஞ்சு கரைஞ்சு நார் குட்டையாப் போச்சு. தடிச்ச பெட்டியக் கலந்தாத்தான் இழுத்துப் புடிக்கும். அது ஒண்ணுகூட தொட்டிக்கு வரலியே."

"தேயிலைக் கம்பனி கழிச்ச பெட்டி ரெண்டு கட்டு வந்திச்சே!"

"பிரிக்கிற மேசைக்குப் போச்சு. அப்புறம் காணோம். கெட்டி மட்டை, வெளியில யாரும் ஆசையா வாங்குவாங்க" என்றார், வேறெங்கோ பார்த்தபடி.

பிரிக்கிற மேசையில் இருப்பது ஜெயராணி ஒருத்திதான். பன்விலயிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சேர்ந்து பத்தே நாள். கடதாசியில் ஒட்டிய டேப், பின், பொலித்தீன் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவளா இப்படி?

மஸீனா விறுவிறுவென்று போய் நின்றாள்.

"தடிச்ச பெட்டியெல்லாம் எங்க புள்ள?"

"பத்திரமா வச்சிருக்கேன் ராத்தா."

"எங்க, ஊட்டுலயா?"

அந்தக் குத்தல் ஜெயராணிக்கு உறைக்கவே இல்லை. கதிரையைப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலிருந்து மூட்டையை இறக்கினாள். துவைத்த சேலையில் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"நான் சேந்த அன்னைக்கு, கிழிஞ்ச அரபுத் தாள் ஒண்ணு கழிவுல வந்திச்சில்ல? நீங்க கண்ணுல ஒத்தி இங்கதானே வச்சீங்க. இதுலயும் அதே எழுத்து. உங்க சாமி எழுத்தத் தொட்டியில போட்டுக் கூழாக்குவேனா? கீழ வச்சா கால் படுமேன்னு..."

மஸீனா ஒரு பெட்டியை விரித்தாள். படமில்லை, அரபு எழுத்து மட்டும். கூட்டிக் கூட்டி வாசித்தாள். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அடியே, இது ஓதுற எழுத்தில்ல! அரபு நாட்டுக்கு ஏத்துற பெட்டி. 'இலங்கைத் தேயிலை'ன்னு எழுதி ஈக்கி!"

ஜெயராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தேயிலையா? எங்கம்மா மழையிலயும் வெயில்லயும் பறிக்கிற தேயிலைக்கா நான் சேலை சுத்தினேன்? குடுங்க ராத்தா, தொட்டியில போடுறேன்."

"சுருக்கா போடுங்க, நாளைக்குள்ள மட்டை காயணும்!" என்று அங்கிருந்தே கத்தினார் செல்லச்சாமி.

மஸீனா உடனே கொடுக்கவில்லை. பெட்டியைக் கண்ணில் ஒற்றி, பிறகுதான் நீட்டினாள்.

"வெறும் தேயிலைன்னு இப்பதானே சொன்னீங்க ராத்தா?"

"உன் உம்மா பறிச்சதுன்னு நீயும் இப்பதானே சொன்ன!"